நாற்பத்து மூன்று அங்குல ஆபீஸ்

எங்கள் தெருவில் வீடுகள் எதிரும் புதிருமாக இருக்கும். நடுவில் ஒரு ஆட்டோ வந்தால் ஸ்கூட்டர்காரர் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். திருவனந்தபுரத்தில் இந்தக் கரமனைப் பக்கம் பழைய தெருக்கள் எல்லாமே அப்படித்தான். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் எதிர்வீட்டுக் கூடம் தெரியும். அதன் சுவரில் மாட்டியிருக்கும் டிவி தெரியும். போன மார்கழியில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்த பிறகு அந்த டிவியில் வரும் எழுத்தும் தெரிகிறது. பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் வந்து இருந்து பாருங்கள்.

முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் நான். பாகீரதி என்றால் அந்தக் காலத்து டிரங்க் கால்காரர்களுக்குத் தெரியும். ஊரில் யார் யாரோடு என்ன பேசினார்கள் என்பதெல்லாம் என் காது வழியாகப் போயிருக்கிறது. ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. ரிடையர் ஆனபோது அதைச் சொல்லித்தான் சால்வை போர்த்தினார்கள். அப்படிப்பட்ட வாய், அறுபத்தாறு வயதில், பத்மாவின் காரியத்தில் போய்த் திறந்துகொண்டது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பத்மப்ரியா எதிர்வீட்டு மருமகள். நாற்பத்து மூன்று வயது. அம்பாசமுத்திரத்தில் பிறந்து, இங்கிலீஷ் எம்.ஏ. படித்து, இருபது வருஷத்துக்கு முன் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தாள். புருஷன் கேசவ் கொல்லத்தில் ஒரு பாங்கில் இருக்கிறான். காலை ஏழு மணி ரயிலுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். பிள்ளை பிரணவ் திருச்சூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். பகலில் அந்த வீட்டில் இரண்டே பேர். பத்மாவும் அவளுடைய மாமனார் கல்யாணராமனும்.

அவள் வேலை பார்ப்பது லாட்ஜுகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில். ரூமை எப்படிப் பதிவு செய்வது, பில்லை எப்படி எடுப்பது, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று வரவேற்பில் நிற்கும் பையன்களுக்குப் புரியும்படி குறிப்பு எழுத வேண்டும். முதலில் தினமும் ஆபீஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். கோவிட் வந்ததும் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாடகைக் கட்டடத்தையும் காலி செய்துவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில்தான் வேலை. அப்போதெல்லாம் அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறை மேடை, கிணற்றடி என்று எங்காவது ஒதுங்கிக்கொள்வாள். அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அன்றைக்கு அவளுக்கே தெரியாது.

போன வருஷம் லேப்டாப்பின் திரை பாதி கறுத்துப் போயிற்று. மிஷின் நன்றாக ஓடுகிறது, திரைதான் இல்லை. கேசவ் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒயரை வாங்கி வந்து, லேப்டாப்பிலிருந்து கூடத்து டிவிக்குப் போட்டான். ஐந்து நிமிஷ வேலை. நாற்பத்து மூன்று அங்குலத்தில் அவளுடைய ஆபீஸ் சுவரில் வந்து நின்றது.

"பாத்தியா பத்மா, உங்க எம்டிக்குக்கூட இவ்வளவு பெரிய ஸ்க்ரீன் இருக்காது கேட்டியோ," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். நானும் என் பங்குக்கு வாசலிலிருந்து கை தட்டினேன்.

முதல் வாரம் பெரும்பாடு. டிவி படத்தின் நாலு ஓரத்தையும் தின்றுவிட்டது. கீழே மணி காட்டும் பட்டையே காணோம். எழுத்துக்கெல்லாம் மயிர் முளைத்த மாதிரி ஒரு நிழல். ரிமோட்டில் எங்கெங்கோ போய், கம்ப்யூட்டருக்கு என்றே இருக்கும் ஒரு அமைப்பைத் தேடிப்பிடித்து அதைச் சரி செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்தால் கண் கூசுகிறது, தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டியிருக்கிறது என்று நாற்காலியை ஏழடி பின்னால் போட்டாள். மடியில் ஒரு மணையை வைத்து அதன் மேல் ஒயரில்லாத கீபோர்டு. அங்கிருந்து படிக்க எழுத்தைப் பெரிதாக்கினாள். அவளுக்குப் பெரிதானால் கூடத்துக்கே பெரிது. எனக்கும் பெரிது.

உள்ளே கொண்டுபோகலாம் என்றால் டிவி சுவரில் அறைந்திருக்கிறது. உள்ளறையில் நெட்டும் கிடைக்காது. தனியாகச் சின்ன மானிட்டர் ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டாள். இவ்வளவு பெரிசு இருக்கும்போது சின்னது எதற்கு என்றான் கேசவ். அவன் நல்லவன். கோபித்துக்கொள்ள இடமே கொடுக்க மாட்டான்.

இனி மாமா. கல்யாணராமனுக்கு எழுபத்தேழு வயது. ஆடிட் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். மாமி காலமாகி ஆறு வருஷமாகிறது. ஒயர் போடும்வரை பகலெல்லாம் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவரிடமிருந்து டிவியைப் பிடுங்கியாயிற்று. சண்டை போடுவார் என்று நினைத்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நாற்காலியை இழுத்துப் பத்மாவுக்கு இரண்டடி பின்னால் போட்டுக்கொண்டு அவள் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு தாள் கண்ணில் பட்டால் தப்புக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்று அந்தக் காலத்தில் பழக்கியிருக்கிறார்கள். "பத்மா, மூணாவது வரில ஒரு கமா வேணும்." "பத்மா, மேல ரூம்னு எழுதிட்டு கீழ யூனிட்னு எழுதியிருக்காய். ரெண்டும் வேண்டாம், ஏதாவது ஒண்ணு மதி." பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருந்து தொலைக்கும். ஒரு மாதத்தில் அவள் கூட்டாளிகள் எல்லாரும் அவருக்குக் கூட்டாளிகள். மேலதிகாரி அனீஷ், கூட வேலை பார்க்கும் மீனு. மீட்டிங் என்றால் காமிராவில் விழாமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். ஆனால் இருமுவார். ஒருநாள் அனீஷ் ஏதோ ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்ல, பின்னாலிருந்து "நாட் கரெக்ட்" என்று ஒரு குரல் கொடுத்தார். அவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மீட்டிங் ஆரம்பிக்கும்போதே மீனு, "அச்சன் எவிடே?" என்று, அப்பா எங்கே என்று, மலையாளத்தில் விசாரிப்பாள். காலை ஒன்பதே முக்காலுக்குக் குளித்து, விபூதி இட்டு, அரைக்கைச் சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். மனுஷருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. தெருவில் எல்லாரும் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

பத்மாவுக்கு மட்டும் மூச்சு முட்டியது. பிரணவுக்கு இரண்டு வரி எழுதினால் அதையும் அவர் படிப்பார். கழுத்து வலிக்கு டாக்டர் தேடினால், எந்த டாக்டர் நல்லவர் என்று பின்னாலிருந்து யோசனை வரும். ஒருநாள் இரவிக்கைக்கு உள்ளே போடுவதை வாங்க ஏதோ கடையில் தேடியிருக்கிறாள் போல. மறுநாள் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால், அதன் ஓரத்தில் அந்த விளம்பரம் முழுசாக ஒரு முழ நீளத்துக்கு வந்து நின்றது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் கறிவேப்பிலை கேட்டு என் வீட்டுக்கு வந்தவள் சமையலறையில் நின்று அழுதுவிட்டாள்.

"அவர் ஒரு தப்பும் பண்ணலை மாமி. அதுதான் கஷ்டம். திட்டறாரா, இல்லை. குத்தம் சொல்றாரா, அதுவும் இல்லை. பின்கழுத்துல எப்பவும் ரெண்டு கண் ஒட்டிண்டிருக்கறாப்ல இருக்கு. ராத்திரி டிவியை அணைச்சப்பறமும் போகலை."

நான் என்ன சொல்ல? அந்த இரண்டு கண்ணுக்குப் பின்னால், தெருவுக்கு இந்தப் பக்கம், என்னுடைய இரண்டு கண்ணும் இருந்தது. புது லென்ஸ் வேறு.

இந்த நிலையில்தான் கம்பெனி மறுபடியும் கட்டடம் எடுத்தது. ஊரின் அந்தக் கோடியில், கழக்கூட்டத்தில் நாலாவது மாடி. பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பத்மா பஸ் பிடித்துப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் நேரே என் வீட்டுக்குள் நுழைந்தாள். அவள் முகம் அப்படி இருந்து நான் வருஷக்கணக்காகப் பார்க்கவில்லை.

"எனக்குன்னு ஒரு மேசை மாமி. அதுல இத்துனூண்டு மானிட்டர், இருபத்தி ரெண்டு அங்குலம். நாற்காலில உக்காந்து பாத்தேன். பின்னாடி யாருமே இல்லை. சுவர். அரைமணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன்."

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் மாமா உள்ளே தூங்கும் நேரத்தில் டிவியில் ஒரு படிவம் வந்தது. என் கூடத்திலிருந்தே படித்தேன். இரண்டு வட்டம். ஒன்றுக்கு நேராக ஆபீஸ், இன்னொன்றுக்கு நேராக வீடு. ஏதாவது ஒன்றில் புள்ளி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள். வைத்தால் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"வெச்சுடு பத்மா. ஏன் பாத்துண்டு நிக்கறாய்?"

அவள் விரலை உதட்டில் வைத்து உள்ளறையைக் காட்டினாள். என்னை வாசலுக்குக் கூட்டி வந்து திட்டத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கடைசி நிமிஷத்தில் ஆபீஸ் என்று வைத்துவிடுவது. சனிக்கிழமை கேசவும் இருக்கும்போது, கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது, எல்லாரும் வந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை என்று சொல்லிவிடுவது. ஆர்டர் என்றால் மாமா பேச மாட்டார். ஆர்டருக்குக் கட்டுப்பட்டே வளர்ந்தவர்.

"நானாப் போறேன்னு தெரிஞ்சா அவர் மனசு தாங்காது. அனுப்பறான்னா தாங்கும். இது என் இஷ்டம்னு மட்டும் அவருக்குத் தெரியப்டாது மாமி. உங்களை நம்பிச் சொல்றேன்."

"என்னண்டையா சொல்றாய்? நான் எக்ஸ்சேஞ்ச்காரியாக்கும்," என்றேன்.

"வெக்கணும்னு நினைக்கறேன். கைதான் வரலை," என்றாள் அவள்.

அந்தக் கை வர வேண்டும் என்றுதான் நான் பழவங்காடிப் பிள்ளையாரிடம் போனேன். புதன்கிழமை காலை பஸ் ஏறிப் போய், பத்மாவுக்குத் தைரியம் கொடுப்பா என்று வேண்டிக்கொண்டு ஒரு தேங்காய் உடைத்தேன். தேங்காய் நன்றாகச் சிதறியது. மனசு நிறைந்து, அவள் பெயருக்கு ஒரு அர்ச்சனையும் செய்துவிடலாம் என்று தோன்றிற்று. அதுதான் பிசகு. ஜன்னலில் பெயர், நட்சத்திரம் சொன்னேன். ரசீது கொடுத்தார்கள். வாழையிலைத் துண்டில் சந்தனமும் பூவும் வந்தது. எங்கள் தெருவில் ஒருவர் பெயருக்குச் செய்த பிரசாதத்தை முதலில் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் நம் வீட்டுப் படி ஏறுவோம். நானும் யோசிக்காமல் நேரே அங்கே போய் நின்றேன். அன்று பத்மா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாள். மாமா எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வாங்கியவர் ரசீதைப் படிக்காமல் விடுவாரா?

"பத்மப்ரியா, உத்திராடம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னைக்கு அவ நட்சத்திரம்கூட இல்லை, அவிட்டமாச்சே. அவ பொறந்தநாள் கழிஞ்சு மாசம் ரெண்டாச்சே. என்ன விசேஷம் பாகீரதி?"

சும்மா என்று சொல்லியிருக்கலாம். உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருக்கலாம். பிரசாதத்தைக் கொடுத்த கையை அவர் கையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. அப்படி நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு அசட்டுச் சந்தோஷமும் இருந்தது. நல்ல சேதியை முதலில் சொல்லும் சந்தோஷம்.

"அவளுக்கு ஆபீஸ் போகணும்னு ஆசை மாமா. ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கோன்னு கம்பெனில கேட்டிருக்கா. ஆபீஸ்னு வெக்கத் தைரியம் வரட்டும்னு வேண்டிண்டேன்."

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது. முப்பத்திரண்டு வருஷச் சால்வை அங்கேயே விழுந்தது.

மாமா சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். பத்மா மீட்டிங் முடிந்து காதிலிருந்து எடுத்ததும், "அந்த ஃபாரத்தை எடு. பாக்கறேன்," என்றார். அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

படிவம் டிவியில் வந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்த நிபந்தனை உட்பட முழுவதையும் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கென்ன யோசனை? ஆபீஸ்னு போடு. நான் என்ன கொழந்தையா? சாப்பாட்டை மேசை மேல மூடி வெச்சா எடுத்து சாப்பிட்டுக்கறேன். எனக்காக நீ எதுக்கு ஆத்துல கெடக்கணும்? தாராளமாப் போய்ட்டு வா."

நான் பிள்ளையாருக்கு மனசுக்குள் இன்னொரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். உளறியதும் நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முட்டாள்.

வியாழக்கிழமை மாமா தனியாக இருப்பதற்குப் பழக ஆரம்பித்தார். காலையிலேயே தம் நாற்காலியைத் திருப்பித் தெருவைப் பார்க்கப் போட்டுவிட்டார். டிவி அவர் முதுகுக்குப் பின்னால் போயிற்று. பதினோரு மணிக்குப் பத்மா தட்டு வைக்க எழுந்தபோது, "நீ உன் வேலையைப் பாரு," என்று தாமே பரிமாறிக்கொண்டார். ரசம் மேசையில் கொட்டியது. அதைத் தாமே துண்டால் துடைத்தார். எந்த மாத்திரை எப்போது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். மீட்டிங்கில் மீனு, "அச்சன் எவிடே?" என்று கேட்டாள். அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்மாதான் ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

வீம்புக்குச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தவள் நான். நிஜமாகவே அவளை அனுப்பி வைக்கத்தான் பாடுபட்டார். வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்கால் ஆயிற்று, பத்தாயிற்று, அவர் சட்டை போட்டுக்கொள்ளவில்லை. வெற்று உடம்பில் துண்டைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீன்காரி பிரேமா இந்தத் தெருவுக்குள் வர மாட்டாள், முனையில்தான் கூவுவாள். அவள் கூவியதற்குக்கூட எட்டிப் பார்த்தார். இரண்டே நாளில் அந்தப் பத்து வயதும் திரும்பி வந்திருந்தது.

நாலே முக்காலுக்குப் படிவம் டிவியில் வந்தது. நான் கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முறத்தை அப்படியே வைத்துவிட்டேன். அம்புக்குறி இரண்டு வட்டத்துக்கும் நடுவில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மேலே போயிற்று. ஆபீஸுக்கு நேரே புள்ளி விழுந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அனுப்ப வேண்டிய பொத்தானுக்கு அம்பு போகவில்லை. பத்மா திரும்பி மாமாவின் முதுகைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. அந்த முதுகெலும்பு அவளுக்கு ஒவ்வொன்றாக எண்ணும்படி இருந்திருக்கும். அம்பு மெதுவாகக் கீழே இறங்கியது. ஆபீஸில் இருந்த புள்ளி மறைந்து வீட்டுக்கு நேரே விழுந்தது. உடனே பொத்தானை அழுத்திவிட்டாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பச்சை எழுத்தில் நாற்பத்து மூன்று அங்குலமும் நிறைந்தது.

அவள் எழுந்து வாசலுக்கு வந்து கொடியில் உலர்ந்த துணியை எடுக்க ஆரம்பித்தாள். நான் தெருவைக் கடந்து போனேன். வாய் என்னவோ மன்னிப்புக் கேட்கத்தான் போயிற்று.

"என்னாலதான் பத்மா. நான் நாக்கைக் கடிச்சுண்டு இருந்திருந்தா..."

"சாரமில்லை மாமி, போகட்டும்." கேசவின் சட்டையை உதறி மடித்தாள். குரலில் ஒன்றுமே இல்லை.

"அவர்தான் போன்னு மனசாரச் சொன்னாரே. பின்னே ஏண்டி இப்படிப் பண்ணினாய்?"

"போன்னு சொன்னதாலதான். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்னா, நான் போயிருப்பேன்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமா டிவியைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். பச்சை எழுத்தைப் படித்திருக்கிறார். பிறகு அலமாரி திறந்து மூடியது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசல்வரை வந்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவளிடம் சொன்னார்.

"பத்மா, சீக்கிரம் வா. மீட்டிங்குக்கு அனீஷ் வந்தாச்சு. நமக்காகத்தான் காத்துண்டிருக்கான்."

அவள் மீதித் துணியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.